சதுரங்க ஆசானும் நம் கடமையும்

விழா மலர்களைப் புரட்டிப் பார்ப்போர்க்கு ஒரு செய்தி எளிதிற் புலனாகும். நம் கல்லூரி ஈன்ற வைத்தியர் எத்தனை பேர், பொறியியலாளர் எத்தனை பேர், நியாயவாதிகள் எத்தனை பேர் என்று எண்ணிக் களிப்பது நம்மவர் வழக்கம். அது குற்றமன்று. பெற்ற தாய் தன் மக்களை எண்ணி மகிழ்வதைக் குறைகூறுவார் யார்? ஆயினும், அவ்வரிசையில் என்றும் இடம்பெறாத தொழிலொன்றைப் பற்றி இம்மலரிற் சில கூற விழைகின்றோம். அது சதுரங்க ஆசானின் தொழில். தன் மகன் அத்தொழிலை மேற்கொள்ள வேண்டும் என்று கோயிலில் நேர்ந்துகொண்ட தாயை நாம் கண்டதில்லை. அப்படிப்பட்ட தொழிலைப் பற்றிப் பேசுவதற்கு இவ்விழாக் காலத்தை ஏன் தெரிந்தெடுத்தோம் என்பதை முதலிற் சொல்லிவிடுதல் முறையாகும்.

சென்ற ஆண்டு ஒரு காரியமாக மன்னார்த் தீவிலுள்ள தாராபுரத்திற்குப் போயிருந்தோம். மன்னார்ப் பட்டினத்திலிருந்து தலைமன்னார் நோக்கிச் செல்லும் பாதையிற் சிறிது தூரத்திலே அவ்வூர் உள்ளது. மணலும் பனையும் உப்புக் காற்றும் அங்கே உண்டு. மதிலோரங்களிற் கழுதைகள் நிழல் தேடி நிற்கும். 1990ஆம் ஆண்டு ஒக்டோபர் மாதத்தில் வட மாகாணத்து முஸ்லிம் மக்கள் தம் வீடுவாசல்களை விட்டு வெளியேற்றப்பட்டபோது இவ்வூரும் வெறுமையுற்றது. புத்தளத்திலும் அதனை அடுத்த ஊர்களிலும் பல்லாண்டு வாழ்ந்தபின் திரும்பி வந்தோர் சிலர். அங்கேயே வேரூன்றியோர் பலர். இவ்வரலாற்றை ஈண்டுக் கூறுவது பழம் புண்ணைக் கிளறுதற்கன்று. திரும்பி வந்தோரின் பிள்ளைகள் எதனை வைத்துக்கொண்டு தொடங்குகின்றனர் என்பதை வாசகர் உணர்தல் வேண்டும் என்பதற்காகவே கூறுகின்றோம்.

ஒரு வீட்டு விறாந்தையில் இரண்டு சிறுவர் சதுரங்கம் ஆடிக்கொண்டிருந்தனர். பலகை மட்டையாற் செய்தது. காய்களில் ஒன்று தொலைந்துபோக, அதன் இடத்திற் சோடாப் போத்தல் மூடியொன்று காலாளாக நின்றது. இளையவனுக்குப் பன்னிரண்டு வயதிருக்கும். எஞ்சியிருந்த காய்கள் மிகச் சில: இரு பக்கத்து அரசர்களும், இளையவனின் காலாள் ஒன்றுமே. அவன் வெல்ல வேண்டிய ஆட்டம். ஆனால் அவன் காலாளை முன்னே தள்ளி, அரசனைப் பின்னே நடத்திச் சென்றான். எதிரியின் அரசன் குறுக்கே வந்து வழியை அடைத்துக்கொள்ள, ஆட்டம் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. நாம் அருகே அமர்ந்து, காய்களை மீண்டும் வைத்து, அரசன் முன்னே போகவேண்டும், காலாள் பின்னே வரவேண்டும் என்று காட்டினோம். தன் காலாளுக்கு முன்னால் அரசன் ஆறாம் வரிசையை அடைந்துவிட்டால், அது ஓரத்துக் காலாளாக இல்லாதவிடத்து, யாருடைய முறையாயினும் வெற்றி உறுதி என்பதைச் சொன்னோம். பத்து நிமிடத்தில் அவன் அதனைப் பற்றிக்கொண்டான். பின்னர் எம்மை நிமிர்ந்து பார்த்து, "சேர், இது எந்தப் புத்தகத்தில இருக்கு? தமிழில இருக்கா?" என்று கேட்டான்.

எம் பையில் இருந்த நூல் ஆங்கில நூல். தமிழ்நாட்டிற் சில நூல்கள் தமிழில் வந்துள்ளன. அவை அவ்விறாந்தைக்கு வந்து சேரவில்லை. அவனுக்கு நாம் அன்று தக்க விடை கூறவில்லை. அவ்விடையையே இக்கட்டுரையிற் கூற முயல்கின்றோம்.

சதுரங்கம் என்றவுடன் நம் பெரியோர் பலர் முகஞ்சுளிப்பர். அது வேலையற்றோர் வேலை என்பர்; அடுப்பிற் பானை ஏற்றாத வித்தை என்பர். இக்கூற்றில் ஓரளவு உண்மை உண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. வெறுமனே ஆடி ஆடிப் பொழுது கழித்தவர் ஊர்தோறும் உண்டு. அவர்தம் திறமை அவரோடு தோன்றி அவரோடு மறைந்தது. ஆனால், ஆடுவோன் ஒருவன் தான் கற்றதைப் பிறர்க்குக் கற்பிக்கவும், கற்பித்ததை எழுத்தில் வைக்கவும் தலைப்படும்போது, அது பொழுதுபோக்கு நிலையைக் கடந்து ஒரு தொழிலாகவும் ஒரு தொண்டாகவும் ஆகிவிடுகின்றது. ஆடுதல், கற்பித்தல், எழுதுதல் ஆகிய மூன்றும் ஒரே தொழிலின் மூன்று கூறுகள் என்பதும், அவற்றுள் ஒன்று குறைந்தாலும் ஏனையவை நலிவுறும் என்பதும் எம் கருத்து. இக்கருத்துக்குச் சான்று தேடி நாம் நெடுந்தூரம் போகவேண்டியதில்லை. கடலுக்கு அக்கரையிலேயே அது கிடைக்கின்றது.

மானுவேல் ஆரோன் என்னும் பெயரை நம்முள் மூத்தோர் சிலர் அறிந்திருப்பர். 1935ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திற் பர்மாவிற் பிறந்து, தமிழ்நாட்டில் வளர்ந்தவர். 1959 முதல் 1981 வரையுள்ள காலத்தில் ஒன்பது முறை இந்தியாவின் தேசிய வெற்றிவீரராக விளங்கினார். 1961ஆம் ஆண்டில் சர்வதேச மாஸ்டர் என்னும் பட்டத்தை இந்தியருள் முதன்முதற் பெற்றவர் அவரே. அர்ஜுனா விருதினைப் பெற்ற முதற் சதுரங்க வீரரும் அவரே. அவருக்குப் பின் அப்பட்டத்தை இரண்டாமவராக வி. ரவிகுமார் பெறுவதற்குப் பதினேழு ஆண்டுகள் சென்றன. அத்துணை நீண்ட காலம் ஒரு பெருநாட்டின் சதுரங்கப் புகழைத் தாங்கி நின்றவர் ஒருவரே என்பதை எண்ணும்போது, அப்பாதை எவ்வளவு தனிமை வாய்ந்ததாய் இருந்திருக்கும் என்பது விளங்கும்.

அவர் வென்ற இருவரைப் பற்றிச் சிறிது விரித்துரைத்தல் நம் பொருளுக்கு ஏற்றது. ஒருவர் ஒல்லாந்தைச் சேர்ந்த மாக்ஸ் யூவே. 1960ஆம் ஆண்டு லைப்சிக் நகரில் நடந்த சதுரங்க ஒலிம்பியாட்டில் ஆரோன் அவரைத் தோற்கடித்தார். இந்த யூவே யார்? 1935இல் அலெக்கைனை வென்று உலக வெற்றிவீரரானவர். 1937இல் அவரிடமே பட்டத்தை இழந்தவர். ஆயினும் அவருடைய அன்றாடத் தொழில் யாதெனில், ஆம்ஸ்டர்டாமிற் பெண்கள் பாடசாலையொன்றிற் கணிதம் கற்பித்தல். கணிதத்திற் கலாநிதிப் பட்டம் பெற்ற அவர், எழுபதுக்கு மேற்பட்ட சதுரங்க நூல்களை எழுதினார். பின்னர் 1970 முதல் 1978 வரை உலகச் சதுரங்க சம்மேளனத்தின் தலைவராயும் இருந்தார். உலகப் பட்டத்தை இரண்டாண்டுகளே வைத்திருந்த அவரை இன்றளவும் நூலகங்கள் நினைவுகூர்வது அவர் எழுதிய நூல்களாலன்றோ?

மற்றவர் அவுஸ்திரேலியாவின் செசில் பேர்டி. ஆசிய அவுஸ்திரேலிய வலய இறுதிப் போட்டியில் ஆரோன் அவரை மூன்றுக்குப் பூச்சியமாக வென்றே சர்வதேச மாஸ்டர் பட்டத்தை ஈட்டினார். பேர்டி தபால் வழிச் சதுரங்கத்தின் முதல் உலக வெற்றிவீரர். அதனினும் மேலாக, 1929 முதற் பல பத்தாண்டுகள் சதுரங்கச் சஞ்சிகையொன்றைத் தம் கையாலேயே நடத்தியவர். எளிய ஆட்டக்காரர்க்கு விளங்குமாறு எழுதுவதில் வல்லவர். ஆரோன் பலகையில் எதிர்கொண்ட இவ்விருவரும் ஆட்டத்திற்கு வெளியே கரும்பலகையையும் எழுதுகோலையும் கைவிடாதவர் என்பது கருதத்தக்கது. அவர்களை வென்றவரும் பிற்காலத்தில் அவர்கள் நடந்த வழியிலேயே நடந்தார்.

இனி அவர் தோல்வியையும் சொல்லுதல் நேர்மை. 1962ஆம் ஆண்டு ஸ்டொக்ஹோம் நகரில் உலகப் பட்டத்திற்கான வலயங்களிடைப் போட்டி நடைபெற்றது. இருபத்து மூவர் ஆடிய அப்போட்டியிற் பொபி பிஷர் முதலிடம் பெற்றார். ஆரோன் இறுதி இடம் பெற்றார்; அவர் பெற்றவை நான்கு புள்ளிகளே. இதனைக் கேட்டுச் சிரிப்போர் சிரிக்கட்டும். ஆனால் அந்நான்கில் இரண்டு, ஹங்கேரியின் போர்ட்டிஷ், கிழக்கு ஜேர்மனியின் ஊல்மன் ஆகிய பெருவீரர் இருவரையும் வென்று பெற்றவை. அவ்விருவரும் பன்னிரண்டரைப் புள்ளியுடன் நின்றனர். அடுத்த கட்டத்துக்குரிய இறுதி இடத்திற்காகச் சமமாய் நின்ற மூவரோ பதின்மூன்றரைப் புள்ளி பெற்றிருந்தனர். கடைசியில் நின்ற தமிழரிடம் இழந்த ஒரு புள்ளி கைவந்திருப்பின் போர்ட்டிஷும் ஊல்மனும் அம்மூவரோடு சேர்ந்து நின்றிருப்பர். கடைசியில் நிற்பவன் சும்மா நிற்கவில்லை என்பதை நம் மாணவர் இதனால் அறிக. பரிசளிப்பு விழாவில் மேடைக்கு அழைக்கப்படாத மாணவர் ஒவ்வொருவருக்கும் இச்செய்தியைச் சொல்லலாம்.

ஸ்டொக்ஹோமிலிருந்து திரும்பிய ஒருவர் இருவகையில் ஒன்றைச் செய்திருக்கலாம். நமக்கும் உலகுக்கும் உள்ள தூரம் பெரிது என்று சோர்ந்து ஒதுங்கியிருக்கலாம். அல்லது உள்ளூரில் நாம்தாமே முதல்வர் என்று நிறைவுற்று இருந்திருக்கலாம். ஆரோன் இரண்டையும் செய்யவில்லை. அக்காலத்தில் இந்தியாவிற் பல இடங்களிற் சதுரங்கம் உள்ளூர் விதிகளின்படியே ஆடப்பட்டது. அரசனைக் கோட்டைக்குள் புகுத்தும் சர்வதேச முறைக்கு மாறாக, அரசன் ஒருமுறை குதிரைபோற் பாயலாம் என்றொரு வழக்கு இருந்தது. காலாள் தொடக்கத்தில் இரண்டு கட்டம் செல்லாது, ஒரு கட்டமே செல்லும் வழக்கும் இருந்தது. நம் ஊர்களிலும் முதியோர் இவ்வாறு ஆடக் கண்டதுண்டு. அழகிய வழக்கே, ஆனால் அதனைக் கொண்டு லைப்சிக்கில் ஆட இயலாது. ஆரோன் குழுக்களை அமைத்தார். சர்வதேச விதிகளைப் பரப்பினார். ஆட்டத் தொடக்கங்களை நூல் வழி கற்கவேண்டும் என்று இளைஞரை வற்புறுத்தினார். 1972இற் சென்னையில், அக்காலச் சோவியத் பண்பாட்டு நிலையத்தில், முன்னாள் உலக வெற்றிவீரர் மிகயீல் தாலின் பெயராற் சதுரங்கக் கழகம் ஒன்று தோன்றியதில் அவர் முன்னின்றார்.

அக்கழகத்திற்கு வந்த சிறுவருள் ஒருவர் விசுவநாதன் ஆனந்த். தாயிடம் காய் நகர்த்தக் கற்ற அச்சிறுவர், அங்கே தம்மினும் மூத்தோரோடு விரைந்தாடி விரைந்து கற்றார். 1988இல் இந்தியாவின் முதற் கிராண்ட் மாஸ்டரானார். 2000ஆம் ஆண்டிலும், மீண்டும் 2007 முதல் 2013 வரையும் உலக வெற்றிவீரராய் விளங்கினார். அவரும் தாம் பெற்றதைத் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. அவர் வழிகாட்டலிற் பயின்றவருள் ஒருவராகிய சென்னைக் குகேஷ், 2024ஆம் ஆண்டு டிசெம்பரிற் சிங்கப்பூரிலே தம் பதினெட்டாம் வயதில் உலக வெற்றிவீரரானார். 1961இல் ஒரேயொரு சர்வதேச மாஸ்டரைக் கொண்டிருந்த நாட்டில் இன்று கிராண்ட் மாஸ்டர்களே எண்பதின் மேற்பட்டோர். இவ்வளவும் ஒருவராலேயே நிகழ்ந்தது என்று நாம் கூறவில்லை. அங்ஙனம் கூறுதல் மிகையாகும். தாய்மாரும், பாடசாலைகளும், அரசும், பொருளுடையோரும் துணைநின்றனர். ஆனால் முதல் விளக்கை ஏற்றியவர், அதனை மறைத்து வைக்காது திண்ணையில் வைத்தார் என்பதே நாம் சொல்ல வந்தது.

இதற்கு மாறான வரலாறும் ஒன்றுண்டு. பஞ்சாபைச் சேர்ந்த மீர் சுல்தான் கான் 1929இல் இலண்டனுக்குச் சென்று, அவ்வாண்டிலும், 1932, 1933 ஆகிய ஆண்டுகளிலும் பிரித்தானிய வெற்றிவீரரானார். முன்னாள் உலக வெற்றிவீரர் கப்பபிளாங்காவையும் ஒருமுறை தோற்கடித்தார். பின் தாயகம் திரும்பிச் சதுரங்க உலகினின்றும் மறைந்தார். அவருக்கென ஒரு கழகமோ, நூலோ, மாணவர் மரபோ வளரவில்லை. அதற்கு அவரைக் குறைகூறுதல் தகாது. அவர் காலமும் நிலையும் அத்தகையன. அவர் மறைந்து பல ஆண்டுகளுக்குப் பின், 2024இலேயே உலகச் சம்மேளனம் அவருக்குக் கௌரவ கிராண்ட் மாஸ்டர் பட்டம் வழங்கிற்று. திறமையில் அவர் எவர்க்கும் இளைத்தவரல்லர். ஆயினும் அவருக்கும் ஆனந்துக்கும் இடையே அரை நூற்றாண்டு வெறுமையாய்க் கிடந்தது. ஆட்டம் ஒன்றே போதும் என்பார் இவ்வெறுமையைச் சிந்தித்தல் நன்று.

எழுத்தைப் பற்றிச் சிறிது தனித்துக் கூறவேண்டும். ஆரோன் சென்னையிலிருந்து 'செஸ் மேட்' என்னும் சஞ்சிகையை நடத்தினார். விஜய் பண்டிட் என்பாருடன் சேர்ந்து, கி.பி. 570 முதல் 2010 வரையிலான இந்தியச் சதுரங்க வரலாற்றை நூலாக்கினார். சதுரங்கத்தில் எழுத்து என்பது பின்னர் ஒட்டிய அலங்காரமன்று. பெரும் போட்டிகளில் இருவரும் தத்தம் நகர்வுகளை அவ்வப்போதே தாளிற் குறித்தாக வேண்டும் என்பது விதி. தோற்றவன் தன் தோல்வியைத் தன் கையாலேயே எழுதுகின்றான். வீட்டிற்கு வந்தபின், 'வெயில் மிகுதியாயிருந்தது, பக்கத்தில் இருந்தவன் இருமினான்' என்று அவன் சொல்லலாம். தாளோ, இருபத்து மூன்றாம் நகர்விற் குதிரையைத் தவறான கட்டத்தில் வைத்தாய் என்று சொல்லும். தன்னைத் தானே ஏமாற்றுதல் மனித இயல்பு. அதற்கு இத்தாளினும் சிறந்த மருந்தை நாம் அறியோம். நம் அரசியலாளர்க்கும், ஏன், நம் பழைய மாணவர் சங்கங்களுக்குங்கூட இத்தகைய தாளொன்று இருந்திருப்பின் எவ்வளவு நன்றாயிருக்கும்!

கற்பித்தலும் இத்தகையதே. தான் கண்ட நகர்வை ஏன் கண்டேன் என்று பன்னிரண்டு வயதுச் சிறுவனுக்கு விளக்க முற்படும்போதுதான், ஆடுவோன் தன் அறிவின் ஓட்டைகளைக் காண்கின்றான். தாராபுரத்துச் சிறுவன் 'அரசன் ஏன் முன்னே போகவேண்டும்?' என்று கேட்டபோது, பல்லாண்டு ஆடியும் அதற்குத் தெளிவான ஒரு சொல் எம்மிடம் இல்லை என்பதை நாம் உணர்ந்தோம். இருமுறை தடுமாறிய பின்னரே, எதிரியின் அரசனை வழியினின்றும் விலக்குவதற்கு என்று சொல்ல வந்தது. அன்று கற்றவர் இருவர்.

இனி எதிர்வாதங்களை நோக்குவோம். மூன்றையும் ஒருவரே செய்தால் ஒன்றும் உருப்படாது என்பர் சிலர். இதனை எளிதில் தள்ளிவிட இயலாது. சென்னையைச் சேர்ந்த ஆர். பி. ரமேஷ் 2002இற் பிரித்தானிய வெற்றிவீரராகவும், 2007இற் பொதுநலவாய வெற்றிவீரராகவும் விளங்கிய கிராண்ட் மாஸ்டர். 2008இற் போட்டி ஆட்டத்தினின்றும் விலகி, தம் துணைவியாராகிய வீராங்கனை ஆர்த்தியுடன் பயிற்சிப் பள்ளி நடத்தத் தொடங்கினார். பன்னிரண்டு வயதிற் கிராண்ட் மாஸ்டரான பிரக்ஞானந்தா அவர் மாணவர். பின்னர் ரமேஷ் நூல்களும் எழுதினார். ஆக, கற்பித்தலுக்காக ஆடுதலை அவர் துறக்க நேர்ந்தது. நாள் ஒன்றுக்கு இருபத்து நான்கு மணியே உண்டு. மாணவனின் ஆட்டத்தை ஆராய்ந்த மாலையிலே தன் ஆட்டத்தைத் தீட்ட முடியாது. இதனை ஒப்புக்கொள்கின்றோம். ஆனால் அவர் ஒருகாலத்தில் ஆடியவர் என்பதனாலன்றோ அவர் சொல்லை மாணவர் நம்பினர்? மூன்று பணிகளும் ஒரே நாளில் நிகழவேண்டும் என்பதன்று எம் கருத்து. ஒரே வாழ்வில் நிகழவேண்டும் என்பதே. இளமையில் ஆடுதல் மிகலாம். நடுவயதிற் கற்பித்தல் மிகலாம். முதுமையில் எழுத்து மிகலாம்.

இன்னுஞ் சிலர், இக்காலத்திற் கணினியே சிறந்த ஆசான், கையடக்கத் தொலைபேசியிலே உலக வெற்றிவீரனையும் வெல்லும் நிரல் இலவசமாய்க் கிடைக்கின்றது, இனி ஆசான் எதற்கு என்பர். அந்நிரல்களின் ஆற்றலை யார் மறுப்பார்? அது தவறைத் தவறென்று காட்டும். சரியான நகர்வையும் காட்டும். ஆனால் இச்சிறுவன் ஏன் இத்தவறைச் செய்தான், அவசரத்தாலா, அச்சத்தாலா, அறியாமையாலா என்று அது கேளாது. மூன்று போட்டிகளில் தொடர்ந்து தோற்றவன் நான்காவதற்கு வரமாட்டேன் என்று முகந்திருப்பி நிற்கும்போது, அவன் தோளிற் கைவைத்து ஸ்டொக்ஹோம் கதையைச் சொல்லவும் அதற்குத் தெரியாது. வழித்துணை வேறு, வரைபடம் வேறு. வரைபடம் மலிந்த காலத்தில் வழித்துணையின் தேவை குறைந்துவிடாது.

மூன்றாவது வாதமே வலிமை வாய்ந்தது. அது பொருள் பற்றியது. போரால் நலிந்து, கடன்பட்டு, பிள்ளையை உயர்தர வகுப்புவரை கொண்டுவருவதே பெரும்பாடாயுள்ள குடும்பத்திடம் சதுரங்கம் பற்றிப் பேசுதல் நியாயமா என்று ஒரு நண்பர் எம்மிடம் கேட்டார். அவர்க்கு நாம் கூறியது இது: ஒவ்வொரு சிறுவனும் ஆனந்த் ஆகவேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பாட்டுக் கற்றோர் எல்லாரும் வித்துவான்கள் ஆவதில்லை. அதற்காகப் பாடசாலையிற் சங்கீத வகுப்பை மூடுவாருமில்லை. சதுரங்கமோ விளையாட்டுக்களுள் மிக மலிவானது. அதற்குப் புற்றரை வேண்டாம், சப்பாத்து வேண்டாம், அறுபத்து நான்கு கட்டமும் முப்பத்திரண்டு காயும் போதும். அவற்றுள் ஒன்றிற்குப் போத்தல் மூடி போதும் என்பதையும் கண்டோம். சோடாப் போத்தல் மூடி செய்ய இயலாதது ஒன்றுண்டு. அதுவே கற்பிக்கும் வேலை.

ஆகவே நம் கல்லூரிப் பழைய மாணவர்க்கு நாம் விடுக்கும் வேண்டுகோள் வருமாறு. விழா நிதி திரட்டப்படுகின்றது. வளைவு கட்டுவோம் என்பார் உளர். மண்டபத்திற்குப் புதுக்கூரை வேண்டும் என்பார் உளர். கூரை வேண்டியதே. வளைவைப் பற்றி ஒன்றும் சொல்லோம்; ஆயினும் வளைவின் கீழ்ப் புகுந்து வருவோர்க்கு உள்ளே என்ன வைத்திருக்கின்றோம் என்பதே முதன்மையான கேள்வி. அந்நிதியில் ஒரு சிறு பகுதியை மூன்று காரியங்களுக்கு ஒதுக்குக.

முதலாவது, ஆடிய அனுபவமுள்ள ஓர் ஆசானுக்குச் சனிக்கிழமைதோறும் வந்து கற்பிப்பதற்குரிய வேதனம். அவர் இலவசமாக வரவேண்டும் என்று எதிர்பார்த்தல் தகாது. கணிதம் கற்பிப்போர்க்குக் கொடுக்கின்றோம். சதுரங்கம் கற்பிப்போர் மட்டும் காற்றையுண்டு வாழ்வதில்லை. அவர் போட்டிகளுக்குச் செல்லும் நாள்களில் விடுப்பும் வழிச்செலவும் கொடுத்தல் வேண்டும். ஆடாத ஆசானின் சொல்லில் விரைவிற் பழமை ஏறிவிடும்.

இரண்டாவது, தமிழில் ஒரு கைந்நூல். காய்களின் நடையிற் தொடங்கி, அரசனும் காலாளும் மட்டும் எஞ்சிய முடிவாட்டங்கள்வரை, ஐம்பது பாடங்கள் போதும். அதனை அவ்வாசானே மாணவரின் ஆட்டங்களைக் கொண்டு எழுதுக. வேற்று நாட்டு வீரரின் ஆட்டத்தைப் படிக்கும்போது வியப்புண்டாகும்; பக்கத்து வாங்கில் இருப்பவன் செய்த தவற்றைப் படிக்கும்போதுதான் பாடமுண்டாகும். அத்துடன் கல்லூரியில் ஆடப்படும் ஒவ்வொரு போட்டி ஆட்டமும் ஒரு பதிவேட்டில் எழுதப்படல் வேண்டும். நாம் மாணவராயிருந்த காலத்து ஆட்டங்களில் ஒன்றேனும் இன்று எழுத்தில் இல்லை. எத்தனையோ நல்ல ஆட்டங்கள் மணி அடித்தவுடன் பெட்டிக்குட் போய் மறைந்தன. அவ்விழப்பு இனியும் தொடர்தல் ஆகாது.

மூன்றாவது, அவ்வகுப்பின் கதவு நம் மாணவர்க்கு மட்டும் திறந்திருத்தல் போதாது. சுற்றுவட்டாரத்துப் பாடசாலைகள் அனைத்திற்கும், தாராபுரத்திற்கும் எருக்கலம்பிட்டிக்கும், சமயமும் ஊரும் வினவாது, ஆண்பிள்ளை பெண்பிள்ளை என்று பாராது, அழைப்பு விடுக்க வேண்டும். இது தருமம் என்பதற்காக மட்டும் கூறவில்லை. ஒரே வகுப்பினர் தமக்குள்ளேயே ஆடிக்கொண்டிருந்தால் ஒருவர் தவறு மற்றவர்க்குப் பழகிப்போகும்; எவரும் வளரார். வேற்றிடத்திலிருந்து வருபவன்தான் நாம் காணாத நகர்வைக் காட்டுவான். பலகைக்கு இப்புறமும் அப்புறமும் இருவர் அமர்ந்து, ஒரு சொல்லும் பேசாது, இரண்டு மணிநேரம் ஒருவர் எண்ணத்தை மற்றவர் ஊன்றி அறிய முயல்வதைப் போன்ற பழக்கம், நம் தீவுக்கும் கரைக்கும் இக்காலத்தில் மிகவும் வேண்டியதாகும்.

முன்னாளிற் சென்னைச் சஞ்சிகைகள் தனுஷ்கோடி வழியாகக் கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கின. 1964ஆம் ஆண்டுப் புயலில் தனுஷ்கோடி அழிந்தது. எண்பதுகளில் இராமேசுவரத்துக் கப்பலும் நின்றது. 1990இல் நின்ற தலைமன்னார் இரயில் 2015இலேயே மீண்டது. அக்கரையில் ஒரு தலைமுறை வெற்றிவீரர்கள் தோன்றிய காலத்தில் நாம் பாதைகள் மீளக் காத்திருந்தோம். அது நம் குற்றமன்று. ஆனால் இன்று பாதை திறந்திருக்கின்றது; பிள்ளைகள் இருக்கின்றனர்; கேள்வியும் கேட்கப்பட்டுவிட்டது. இனியும் காலந்தாழ்த்தின் அது நம் குற்றமே.

அச்சிறுவனுக்கு ஒரு மரக் காலாள் கொண்டுவருவதாகச் சொல்லி வந்தோம். அதனைக் கொடுக்கப் போகும் நாளில், தமிழிலே ஒரு கைந்நூலும், சனிக்கிழமை வகுப்பிற்கு ஓர் அழைப்பும் எம் கையில் இருத்தல் வேண்டும் என்பது எம் அவா. காலாளை நாமே வாங்கிவிட்டோம். மற்றிரண்டும் இம்மலரை வாசிக்கும் பழைய மாணவர் ஒவ்வொருவருடைய கையிலும் உள்ளன.